ஏழாவது பொத்தான்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் மாமாவும் சௌக்கியம். மாமாவுக்கு இருமல் இருக்கிறது. அது இல்லாவிட்டால்தான் வீட்டில் எல்லோருக்கும் கவலை வரும். நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த "ம்" சாப்பிட்டதற்கா சாப்பிடாததற்கா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதனால்தான் கடிதம். காகிதத்தில் வெறும் "ம்" எழுதித் தபாலில் போட உனக்கே கூச்சமாக இருக்கும் அல்லவா.

போன முறை வந்தபோது நீ சொன்னபடியே செய்துவிட்டோம். அப்பாவின் பொத்தான் கடை உன் கம்பெனியின் இணையத் தளத்தில் ஏறிவிட்டது. வேறு வழியும் தெரியவில்லை. தெருவில் இருந்த தையல்காரர்கள் எல்லாம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் நம் மூக்குக் கண்ணாடித் தையல்காரர் ஒருவர்தான். அவரும் பேப்பர் படிக்கத்தான் வருகிறார். இடத்துக்காரர் வேறு, பக்கத்துச் செருப்புக் கடையையும் நம் கடையையும் இடித்து, செருப்புக் கடைக்காரருக்கே ஒரே ஹாலாக்கிக் கொடுக்கப் போகிறாராம். வருடக் கடைசிவரை பார்ப்பாராம். அதற்குள் வியாபாரம் தேறினால் நாமே இருக்கலாம், தேறாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று, மரியாதையாகத்தான், சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று முதல் ஆர்டர் வந்தது. கேள்விப்படாத ஊர். ஆறு வெள்ளைப் பொத்தான். அலமாரியில் ஏறி அந்தப் பெட்டியை இழுத்தேன். பெட்டியின் முகத்தில் அப்பா தைத்து வைத்த மாதிரிப் பொத்தான் இன்னும் ஆடாமல் இருக்கிறது, நூல்தான் பழுப்பாகிவிட்டது. எண்ணிப் போட்டு, அவர் பழக்கப்படி ஏழாவதாக ஒன்றும் போட்டேன். "ஒண்ணு தொலையறதுக்கு" என்று சொல்லிக் கொடுக்க எதிரே ஆள் இல்லை, அதனால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அடியில் அப்பாவின் கடை ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி வைத்தேன்.

இனி என் பார்சல் எல்லாம் உன் கண்ணெதிரேதானே போகும்? தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. "தம்பி அங்க ஆபீசரா இருக்கான், நமக்கென்ன பயம்" என்று. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
நாலு துளை


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன். நீ கேட்ட இரண்டுக்கும் எழுத்தில் பதில் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள். மாமாவின் இருமலுக்கு என் வணக்கம்.

நாலு துளை என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அந்தப் பெயரை எப்படி மறந்தேன்! அப்பா உன்னை நாலு துளை என்பார், என்னை ரெண்டு துளை என்பார். நாலு துளைப் பொத்தான் தைத்த இடத்தில் கெட்டியாக நிற்கும், ரெண்டு துளை எப்போது வேண்டுமானாலும் அறுத்துக்கொண்டு ஓடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. நான் கோபித்துக்கொண்டு கல்லாவுக்கு அடியில் போய் உட்காருவேன். அங்கே உட்கார்ந்தால் வருகிறவர்களின் கால் மட்டும் தெரியும். மேலே அவர்கள் சட்டையை நீட்டுவார்கள். அப்பா அறுந்த பொத்தானின் ஜோடியைத் தடவிப் பார்த்தே அவர்கள் தொழிலைச் சொல்வார். "நீங்க நர்ஸா? வெந்நீர்ல அடிக்கடி அலசற சட்டை இது." கீழே இருந்து பார்த்தால் அந்தக் கால்கள் ஒரு அடி பின்னால் போகும். எனக்கு அதுதான் வேடிக்கை.

உன் பார்சலுக்குச் சில விஷயங்கள். சணல் போட்டுக் கட்டாதே, உருளைகளில் சிக்கும். பார்கோடு லேபிளை மடிப்பின் மேல் ஒட்டாதே, மெஷின் படிக்காது, தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். கவர் சின்னதாக இருந்தால் இடுக்கில் விழுந்துவிடும், கொஞ்சம் பெரிய கவராக எடு.

இங்கே உள்ளே போகும்போது போனை வாசலில் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அதனால் பகலில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. தரை சிமெண்ட், குளிர் காலில் ஏறுகிறது. மற்றபடி ஒன்றும் குறையில்லை.

உன் தம்பி,
ரெண்டு துளை


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் நலம் தெரிந்து நாளாகிறது. காலுக்குக் கெட்டியாக ஏதாவது போட்டுக்கொள். ஆபீசர் அறையில் சிமெண்ட் தரை போட்டவனை என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

ஆர்டர் குவிகிறது. பொய் சொல்லக் கூடாது, உன் தளத்தில் கூட்டம் கூட்டம்தான். அப்பா காலத்தில் ஒரு வருடத்தில் போகிற சரக்கு இப்போது கிடுகிடுவென்று போகிறது. மாமா பெட்டி மடிக்கிறார், நான் எண்ணிப் போடுகிறேன். மாமாவின் கையில் டேப் மாட்டினால் பார்சலை விட அவர்தான் அதிகம் சுற்றப்படுகிறார். நம் கடைக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்திருக்கிறதாம். கண்ணாடித் தையல்காரர் தினமும் எண்ணிப் பார்த்து ஒப்பிக்கிறார்.

ஆனால் ஒன்று. யாருக்கு அனுப்புகிறேன் என்றே தெரியவில்லையடா. பாதி நேரம் பெயர்கூட முழுதாக வருவதில்லை. எதற்கு வாங்கினார்கள், அது போய் எந்தச் சட்டையில் உட்கார்ந்தது, ஒன்றும் தெரியாது. முன்பெல்லாம் ஒரு பொத்தானுக்கு ஒரு கதை வரும். கல்யாணக் கோட்டு என்பார்கள், இறந்துபோனவருடைய சட்டை என்பார்கள். ஒரு அம்மா மகனுடைய சின்ன வயசுச் சட்டையைக் கொண்டுவந்து, மகன் வளர்ந்து வெளியூர் போய்விட்டான், இருந்தாலும் பொத்தான் முழுசா இருக்கணும் என்றாள், நினைவிருக்கிறதா? அப்பா காசு வாங்கவில்லை. இப்போது எண்ணு, ஒட்டு, அனுப்பு. அவ்வளவுதான்.

துண்டுச் சீட்டு வைக்கக் கூடாது என்று உன் கம்பெனி எச்சரிக்கை அனுப்பிவிட்டது. பார்சலுக்குள் விற்கிறவர் எதையும் எழுதக் கூடாதாம். சரி, சீட்டை நிறுத்திவிட்டேன். பொத்தானை நிறுத்தவில்லை. அது அப்பாவுடையது. அதில் கைவைக்க உன் கம்பெனி யார்?

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. இங்கே தள்ளுபடி சீசன், வந்து படுத்தால் காலையில்தான் கண் திறக்கிறது.

இந்த ஒரு விஷயத்தில் சொன்னதைக் கேள். ஏழாவது பொத்தானை நிறுத்திவிடு. சீட்டு இருந்தவரை கொசுறு என்று தெரியும். சீட்டு இல்லாமல் ஏழு வந்தால் அது தப்பான எண்ணிக்கை. வாங்குகிறவருக்கு அப்பாவைத் தெரியாது, மெஷினுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆறு என்று போட்டால் ஆறுதான் இருக்க வேண்டும் இங்கே.

போன வாரம் உன் பார்சல் ஒன்று என் பக்கமாக வந்தது. முகவரியைப் படிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. கவரின் மூலையை உள்ளே ஒரு மடி, வெளியே ஒரு மடி மடிப்பது நம் வீட்டில்தான். எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். பொத்தான்கள் உள்ளே புரண்ட சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா தட்டு நிறையக் கலந்த பொத்தானைக் கொட்டி நம்மைப் பிரிக்கச் சொல்வாரே, அதே சத்தம். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டி, "உங்களுக்கு வந்ததா?" என்றார். ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். பொத்தானை நிறுத்து.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் இல்லை. நீ சொன்னது நடந்துவிட்டது.

ஒரு தையல் யூனிட் மொத்தமாக வாங்கினார்கள். பிரித்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், பொட்டலத்துக்குப் பொட்டலம் ஏழு. ஒன்று கூடப் போடுகிற கடை இன்னொரு நாள் ஒன்று குறையப் போடும் என்று எழுதி, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடனே உன் கம்பெனி பழைய ஆர்டர்களையும் கிளறி, எண்ணிக்கை தவறும் கடை என்று முத்திரை குத்தி, நம் கணக்கையே மூடிவிட்டது. நேற்று இருந்த கடை இன்று இல்லை. தேடினால் வேறு யார் யாருடைய பொத்தானோ வருகிறது. ஐந்து நட்சத்திரமும் போன இடம் தெரியவில்லை.

குறையப் போட்டுத் தண்டனை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடப் போட்டு வாங்கியது நம் குடும்பமாகத்தான் இருக்கும். அப்பா இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று முறை எழுதிப் போட்டோம். மூன்று முறையும் ஒரே பதில், எழுத்து மாறாமல் வந்தது. படித்துத்தான் போடுகிறார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. வருடக் கடைசிக்குள் தேறாவிட்டால் சாவியைக் கொடுக்க வேண்டும், தெரியும் அல்லவா? இதற்கெல்லாம் உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ அங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அது எங்க அக்கா கடை, கொசுறு போடற பழக்கம்" என்று. ஒரே ஒரு வார்த்தை.

அக்கா


மே 30

தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன், நீதான் சொல்லக் காணோமே.

போனும் எடுக்கவில்லை, கடிதமும் இல்லை. பெரிய பதவிக்குப் போனால் சொந்தக்காரர்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் என்று மற்றவர்கள் சொல்லும்போது நம் வீட்டில் அப்படி இல்லை என்பேன். இனி சொல்ல மாட்டேன்.

இடத்துக்காரர் கடையைச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கையில் அளக்கிற டேப் இருந்தது. கண்ணாடித் தையல்காரர் "உங்க தம்பி சொல்லியிருப்பாரே, இன்னும் திறக்கலையா?" என்று கேட்டார். பேசுவான், லீவில் இருப்பான் என்றேன். மாமா, "அவனை விடு, அவனுக்கு என்ன சங்கடமோ" என்கிறார். சங்கடம் என்றால் சொல்ல வேண்டியதுதானே.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ கோபமாக இருப்பது தெரியும், இருக்க வேண்டியதுதான்.

முயற்சி செய்தேன். கணக்கு மூடுகிற பிரிவு வேறு ஊரில் இருக்கிறது, அவர்கள் முகத்தைக்கூட இங்கே யாரும் பார்த்ததில்லை. என்னால் முடியவில்லை, அக்கா. இதற்கு மேல் எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

ஒன்று சொல்கிறேன். இவர்களிடம் திரும்பிப் போக வேண்டாம். நீயே உனக்கென்று தளம் போடு. இங்கே ஊரே கூடுகிற சந்தை, நீ எதுவும் செய்யாமலே ஆள் வரும். உன் தளம் என்றால் ஆளில்லாத ரோட்டில் கடை திறந்த மாதிரி. முதலில் ஈ காக்கை வராது. போட்டோ, பணம் வாங்குவது, கூரியர், திருப்பி வந்தால் திட்டு வாங்குவது எல்லாம் உன் தலையில்தான். ஆனால் வருகிறவர் உன்னிடம் வருவார். பெயர் தெரியும். சீட்டு வைக்கலாம். ஏழு போடலாம், எட்டுகூடப் போடலாம், கேட்க ஆள் கிடையாது. இங்கே தினமும் எத்தனையோ கடைகளின் பெட்டி போவதைப் பார்க்கிறேன். எல்லாப் பெட்டியிலும் இந்தக் கம்பெனியின் பெயர்தான் இருக்கிறது. அனுப்பியவர் பெயர் பொடி எழுத்தில் ஓரமாக இருக்கிறது.

தனியாக ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். கைப்பிடியில் விளக்கு பொருத்திய பெரிய பூதக்கண்ணாடி. கறுப்பையும் கருநீலத்தையும் பிரிக்கும்போது வெளிச்சம் தேடி வாசலுக்கு ஓடாதே, கடைக்குள்ளேயே உட்கார்ந்து பார். உடைந்து சேராது, கவலைப்படாதே.

தம்பி


ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். பெட்டி பத்திரமாக வந்தது. கோபம் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்காதே.

பெட்டியைப் பிரிக்கவே மனம் வரவில்லை. டேப் ஒரே இழுப்பில் போயிருக்கிறது, ஒரு சுருக்கம் இல்லை, ஒரு காற்றுக் குமிழி இல்லை. முனைகளைக் கட்டைவிரலால் அழுத்தி ஓட்டிய தடம் தெரிகிறது. உள்ளே காகிதத்தைக் கசக்கித் திணிக்காமல், மூலைக்கு மூலை முட்டுக் கொடுத்து, நடுவில் கண்ணாடி அசையாமல் இருந்தது. மாசக்கணக்கில் நானும் டேப் ஒட்டுகிறேன், எனக்கு இன்னும் அந்த இழுப்பு வரவில்லை. அது ஒரு நாளில் வருகிற கை இல்லை. மாமா, "ஆபீஸ்ல யாராவது ஆளை விட்டு ஒட்டச் சொல்லியிருப்பான்" என்றார். காலிப் பெட்டியை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நாள் முழுக்க நின்று வேலை பார்த்தால் குதிகால் வலிக்குமாமே? கண்ணாடித் தையல்காரர் சொன்னார், சும்மா எழுதுகிறேன். இதோடு இரண்டு ஜோடி கெட்டிக் காலுறை வைத்திருக்கிறேன். மாமாவுக்கென்று வாங்கியது, அவருக்குப் பெரிதாகிவிட்டது. போட்டுக்கொள்.

தளம் போட்டாயிற்று. மாமாதான் எதையோ பார்த்துப் பார்த்து உருவாக்கினார். பெயர் வைக்க நாலு நாள் சண்டை. கடைசியில் "ஏழாவது பொத்தான்" என்று வைத்துவிட்டோம், குற்றம் செய்த பெயரிலேயே நடக்கட்டும். அடியில் அப்பாவின் கடைப் பெயரையும் போட்டிருக்கிறோம். போட்டோவும் அவர்தான். ஒவ்வொரு பொத்தானையும் கையில் பிடித்து எடுத்திருக்கிறார், எல்லாப் படத்திலும் அவர் கட்டைவிரல் நந்தி மாதிரி குறுக்கே நிற்கிறது. மறுபடி எடுங்கள் என்றால், "விரல் வேண்டாம்னா ஆளை வெச்சு எடுத்துக்கோ" என்கிறார்.

நீ சொன்ன மாதிரியே ஈ காக்கை இல்லை. திறந்ததிலிருந்து மாமா தினமும் தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஒருத்தர் வந்திருக்கார்" என்று எனக்குச் சொல்கிறார். பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காலுறை சரியாக இருக்கிறது. போட்டுக்கொண்டு நின்றால் குளிர் தெரியவில்லை. மாமாவுக்குப் பெரிதாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். மாமாவின் கால் என்னுடையதைவிடப் பெரிது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் மாமாவுக்கு நன்றி சொல்லிவிடு.

உன் தளத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு படமாக, கடைசிவரை. மாமாவின் கட்டைவிரலைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, அந்தப் பெட்டி முகங்கள் பின்னால் தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது தட்டில் ஒரு பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதே, அது நான் ஏறி மிதித்தது. அதை இன்னும் மாற்றவில்லையா? நான் இல்லாத இடத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது என்பது சந்தோஷமாகவும் இருந்தது, தாங்கவும் முடியவில்லை.

ஒரு உதவி. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டில் ஒரு பொத்தான் உடைந்துவிட்டது. அதன் ஜோடியை அறுத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். கடைக்கு நேரில் வந்திருந்தால் அப்படித்தானே நீட்டியிருப்பேன். இதே மாதிரி ஒன்று வேண்டும். தளத்தில் தேடினேன், இது படத்தில் இல்லை. பெட்டி எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிடும், அக்கா. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

தம்பி


அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

பொத்தான் கிடைத்தது. நீ அனுப்பிய பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை, தடவியதுமே தெரிந்துவிட்டது. சாம்பல் நிறம், தடிமன், எதிலும் மாட்டிக்கொள்ளாதபடி ஓரம் உள்பக்கமாக மடிந்தது. பெல்ட் ஓடுகிற இடத்தில், மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சாமான் தூக்கி வைக்கிறவர்களின் கோட்டுக்கென்றே வார்ப்பது. அப்பா இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். எனக்கு உன் பெட்டி வந்த அன்றே தெரியும். நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். "நான் ஆபீசர்" என்று நீ ஓரிடத்தில்கூட எழுதவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தது நான்தான். தெருவில் பெருமை அடிக்க எனக்கு ஒரு ஆபீசர் தேவைப்பட்டான். நீ வேலைக்குப் போன அன்று தெருவே வழியனுப்பியது, பிறகு நீ எப்படி வாயைத் திறப்பாய்? கணக்கைத் திறந்து கொடு, ஒரு வார்த்தை சொல் என்று உன்னைப் பிடுங்கினேனே, அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. என் பார்சலைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தேன் என்று எழுதினாயே, அதைப் படித்தபோதே புரிந்திருக்க வேண்டும். ஆபீசர் எவன் பார்சலைக் கையில் தொடுகிறான்?

இப்போது தெருவில் மாற்றிச் சொல்லிவிட்டேன். "ஊர் உலகத்துக்குப் போற சாமானெல்லாம் என் தம்பி கை பட்டுத்தான் போகுது. அவன் ஒட்டின பெட்டியைப் பாருங்க" என்று மடித்து வைத்த பெட்டியை எடுத்துக் காட்டுகிறேன். கண்ணாடித் தையல்காரர் மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டு டேப்பைத் தடவிப் பார்த்தார். "இது தொழில்" என்றார். அவர் யாரையும் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை, உனக்கே தெரியும்.

இன்னொரு சேதி. உன் கம்பெனி தளத்தில் முன்பு வாங்கிய ஒரு அம்மா, பொட்டலத்துக்குள் இருந்த பழைய துண்டுச் சீட்டில் அப்பாவின் ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்து நம் கடைப் பெயரைத் தேடி, புதுத் தளத்துக்கு வந்துவிட்டாள். "ஆறு கேட்டால் ஏழு வருகிற கடை இதுதானே?" என்று எழுதியிருந்தாள். அவள் இன்னொருத்திக்குச் சொல்ல, இப்படி ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். எந்தப் பொத்தானுக்காக வெளியே தள்ளினார்களோ அதே பொத்தானைத் தேடி வருகிறார்கள். பழைய கூட்டம் இல்லை, அதில் பாதிகூட இல்லை. ஆனால் ஆர்டர் போடுகிற இடத்தில் மாமா "எதற்கு வேண்டும்?" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார். யாரும் எழுத மாட்டார்கள் என்றேன். பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நேற்று ஒருவர், மனைவி தைத்துப் பாதியில் விட்டுப்போன சட்டை, அதை முடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு நானும் மாமாவும் அன்று வேறு ஆர்டரைத் தொடவில்லை. மாமாவின் கட்டைவிரலுக்கு வேறு பாராட்டு. விரல் பக்கத்தில் இருப்பதால் பொத்தான் எவ்வளவு பெரிது என்று தெரிகிறதாம். மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இடத்துக்காரர் வந்தார். மேசை முழுக்கப் பார்சலைப் பார்த்துவிட்டு, அளக்கிற டேப்பை வெளியே எடுக்காமலே போனார். செருப்புக் கடைக்காரரை வேறு தெருவில் ஹால் பார்க்கச் சொல்லிவிட்டாராம். சாவி நம்மிடமேதான் இருக்கப்போகிறது.

பார்சலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மாமா கட்டுகிற பார்சல் எல்லாம் தலையணை மாதிரி இருக்கிறது. ஒன்று வழியிலேயே பிரிந்து, வெறும் கவர் போய்ச் சேர்ந்திருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் மேசை போட இடம் இருக்கிறது. உட்கார்ந்து செய்கிற வேலை. தரை மரப்பலகை, குளிராது. நீ ஆபீசராக இருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டேன், கேட்கத் தைரியமும் வந்திருக்காது. பெட்டி ஒட்டத் தெரிந்தவன் என்பதால் கேட்கிறேன்.

நீ கேட்ட பொத்தான் இதற்குள் இருக்கிறது. ஒன்றுதான். உலகத்துக்கெல்லாம் ஒன்று கூடப் போட்டு அனுப்புகிறேன், உனக்குப் போடவில்லை. எண்ணிக்கை தவறு என்று யாரிடம் வேண்டுமானாலும் புகார் கொடு. இதுவும் அறுந்தால் இங்கே வந்து வாங்கிக்கொள்.

உன் அக்கா,
நாலு துளை


அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் அவர் கட்டைவிரலும் நலமாக இருப்பீர்கள்.

பொத்தான் வந்த அன்றே தைத்துவிட்டேன். நிறம், தடிமன், ஓரம் எல்லாம் ஒத்துப்போனது. ஒரு வாரம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். உள்ளே நிற்கிற நேரமெல்லாம் கை அதன் மேலேயே இருந்தது. அப்பா சொன்ன மாதிரி நாலு துளையிலும் நூலை இரண்டு சுற்று விட்டுத்தான் தைத்தேன், கெட்டியாகத்தான் இருந்தது.

நேற்று, வேலையை விடுகிறேன் என்று சொல்லி, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கழற்றி மேசையில் வைத்தபோது, அந்தப் பொத்தானை மட்டும் நானே பிய்த்து எடுத்துக்கொண்டேன்.

அறுந்துவிட்டது, அக்கா. அடுத்த வாரம் வருகிறேன்.

ரெண்டு துளை